பாஸ்கல் சொல்லித்தராத காலம்

ஆனைக்கரையைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களில் காய் உலர்த்தத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் சின்னமுத்து உலர்த்திய காய் தனியாகத் தெரியும். செடியில் இருந்த பச்சை அப்படியே நிற்கும், ஒரு காய்கூட வெளுத்திருக்காது. கம்பம்மெட்டு வியாபாரிகள் சாக்கைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இது சின்னமுத்து ஸ்டோர்க் காய்தான?" என்று கேட்பார்கள். அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பதினோரு வருடங்களாக ஒரே தோட்டத்து உலர்த்தும் ஸ்டோரில் ஃபோர்மேனாக இருந்தான்.

1973 ஐப்பசியில் அந்தத் தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வெள்ளைக்காரர் என்று ஊர் சொன்னதே தவிர, அவர் மாநிறமாகத்தான் இருந்தார். பெயர் தோன் எர்னெஸ்தோ. குவாதமாலா என்ற நாட்டில் அவருக்கு ஏலத்தோட்டம் இருந்தது. அங்கே காய் நன்றாக விளைகிறது, உலர்த்தினால் மட்டும் மஞ்சளாகிவிடுகிறது என்பது அவருடைய குறை. ஆங்கிலம் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். ஆகவே தோட்டத்து மேனேஜர், கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரியிலிருந்து பாஸ்கலை வரவழைத்தார்.

பாஸ்கலும் சின்னமுத்துவும் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பன்மாரும் போடியிலிருந்து ஒன்றாக மலை ஏறியவர்கள். பாஸ்கல் பதினைந்து வயதில் அந்த ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். ஸ்பெயினிலிருந்து வந்த ஐந்து சிஸ்டர்கள் அதை நடத்தினார்கள். மருந்துப் பெட்டி தூக்கி, ஜீப் ஓட்டி, கணக்கப்பிள்ளை ஆகி, பதினேழு வருடத்தில் அவர்களுடைய ஸ்பானிஷ் பாஷையை அவர்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டான். கெட்டிக்காரன். சின்னமுத்துவுக்கு அவன்மேல் பெருமை உண்டு. சந்தையில் யாரிடமாவது, "எம் மாப்ள அஞ்சு பாஷை பேசுவான்" என்று சொல்லிக்கொள்வான்.

தோன் எர்னெஸ்தோ எட்டு நாட்கள் ஸ்டோரிலேயே கிடந்தார். சின்னமுத்து ஒளிக்காமல் காட்டினான். பறித்த காயைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் எவ்வளவு நேரம் போட வேண்டும், தட்டில் எவ்வளவு கனத்துக்குப் பரப்ப வேண்டும், காய் வியர்க்கும் வரை சன்னலைச் சாத்தி வைத்து வியர்த்த பிறகு எப்போது திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினான். பாஸ்கல் நடுவில் நின்று இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் பேச்சை மாற்றிக் கொடுத்தான். புறப்படுகிற அன்று தோன் எர்னெஸ்தோ சின்னமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"உன்னை மாதிரி ஒரு ஆளு அங்க வேணுமாம். மூணு வருசத்துக்கு. ஊருக்குப் போயி எழுதுறேங்காரு," என்றான் பாஸ்கல்.

சின்னமுத்து அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி ராமுத்தாயிடம் சொன்னான். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு, "மூணு வருசம்னா கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும்," என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மாதமே படிப்பு தொடங்கியது. கேட்டது சின்னமுத்துதான். பாஷை தெரியாமல் போனால் ஊமையாக நிற்க வேண்டுமே என்ற பயம். பாஸ்கல் சட்டென்று ஒத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டோருக்கு வருவான். இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட தட்டுகளில் உட்கார்வார்கள். சின்னமுத்து எட்டாவது வரை படித்தவன், ஆங்கில எழுத்து தெரியும். அதே எழுத்துதான் ஸ்பானிஷுக்கும் என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

இப்போது நடப்பதைச் சொல்வது முதலில். அடுத்து, இனி நடக்கப் போவது. "யமார்னா கூப்பிடுறது. அந்தச் சொல்ல வெட்டாத, முழுசா வச்சுக்க. பின்னால வாலை மட்டும் ஒட்டு. யமரே, நான் கூப்பிடுவேன். யமரேமோஸ், நாங்க கூப்பிடுவோம். அவ்வளவுதான்," என்றான் பாஸ்கல்.

"நடந்து போனதுக்கு?"

"அது கெடக்கு. நீ போகப் போறவன். போறதுக்கு இது போதும்."

பாடம் நடுவிலேயே பாஸ்கலும் கேள்வி கேட்பான். வியர்க்கிறது என்பதற்கு ஸ்பானிஷில் இது, சரி, ஆனால் எத்தனை மணி நேரத்தில் வியர்க்கும்? மழை நாளில் பறித்த காய்க்கும் அதே நேரம்தானா? சொல்லுக்குச் சொல் கொடுக்க வேண்டுமென்றால் காரியம் புரிய வேண்டுமே என்பான். சின்னமுத்துவுக்கு அது நியாயமாகப் பட்டது. தான் பதினோரு வருடம் குறித்து வைத்திருந்த நீல நோட்டையே அவன் கையில் கொடுத்தான். "இதை அவுக பாஷையில எழுதி வச்சிரு மாப்ள. நான் போயி எறங்குனதும் அவர் கையில குடுத்துருவேன்."

அடுத்த ஆவணியில் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி விலாசத்துக்கு, பாஸ்கல் பெயருக்கு. பாஸ்கல் அதை எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஸ்டோருக்கு ஏறி வந்தான். நாலு பக்கக் கடிதத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினான். அதில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தன.

"படி பாப்போம்."

சின்னமுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஸி எல் ஸென்யோர் பாஸ்கல் நோ புதியேரா வெனீர், யமரியாமோஸ் அல் ஸென்யோர் சின்னமுத்து."

"ஸி-ன்னா?" என்று கேட்டான் பாஸ்கல்.

"ஆமாம்."

"நோ புதியேரா வெனீர்?"

"வர முடியாது. பாஸ்கல் வர முடியாது." சின்னமுத்து தலையைத் தூக்கினான். "உன்னையும் கூப்பிட்டாகளா?"

"கேட்டாக. ஆத்தா சீக்காக் கெடக்கு, நான் வர முடியாதுன்னு எழுதிட்டேன். அதுக்குத்தான் பதில். ஆமாம், பாஸ்கல் வர முடியாது, சின்னமுத்துவைக் கூப்பிடுவோம்."

சின்னமுத்துவின் கண் இன்னும் அந்த வரியிலேயே இருந்தது. "நீ யமரேமோஸ்னுதான சொல்லிக் குடுத்த? இதுல யமரியாமோஸ்னு இருக்கே."

பாஸ்கல் சிரித்தான். "மரியாதைக்கு அப்படி எழுதுவாக. நம்ம வா, வாங்கன்னு சொல்றமில்ல? பெரிய மனுசங்க கடுதாசியில எல்லாம் அந்த வாலைப் போட்டுத்தான் எழுதுவாக. புதியேராவும் அப்படித்தான்."

கடிதத்தைப் பாஸ்கல் தன்னிடமே வைத்துக்கொண்டான். அந்த ஒரு வரியை மட்டும் சின்னமுத்து ஒரு தாளில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டான். புள்ளி, கோடு எதையும் விடாமல், மேலே எங்கே சாய்ந்த கோடு இருந்ததோ அங்கே கோடு போட்டு எழுதினான். எதையும் அளந்து செய்து பழகிய கை அது. ஸ்டோரில் ஆள் இல்லாத நேரத்தில் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பான். ஆத்தாவுக்காகப் பாஸ்கல் விட்ட வாய்ப்புதான் தனக்கு வந்தது என்று நினைத்துக்கொள்வான். அதன் பிறகு பாஸ்கலுடைய ஆத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் கூட்டி வந்ததும் சின்னமுத்துதான்.

கார்த்திகையில் வண்டிப்பெரியாரிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு முதலாளி மூன்று ஏலத்தோட்டங்களை வாங்கியிருந்தார். மூன்றுக்கும் சேர்த்துத் தலைமை ஃபோர்மேனாக வர முடியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார். வேறு நாளாக இருந்தால் சின்னமுத்து ஓடியே போயிருப்பான். "நான் வெளிநாடு போறேன்," என்று சொல்லி அனுப்பினான். அந்த வேலை கம்பத்துக்காரர் மொக்கையனுக்குப் போனது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். அடுப்பிலிருந்து ஸ்டோருக்குள் சூடு கொண்டுபோகும் இரும்புக் குழாயில் சின்னமுத்துவின் முழங்கை பட்டுத் தோல் உரிந்துவிட்டது. கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போனான். பாஸ்கல் ஏதோ வேலையாகக் கொச்சிக்குப் போயிருந்தான். சிஸ்டர் இனெஸ்தான் இருந்தார். நாற்பது வயதிருக்கும். சுறுசுறுப்பானவர். முதலில் மலையாளமும் பிறகு தமிழும் கற்றவர் என்பதால் அவர் பேச்சில் இரண்டும் கலந்து வரும்.

மருந்து எரிந்தது. எரிச்சலை மறக்க, சின்னமுத்து தன் பாஷையைக் காட்டலாம் என்று நினைத்தான். மனப்பாடமாக இருந்த அந்த வரியை அப்படியே சொன்னான்.

சிஸ்டர் இனெஸின் கை நின்றது. "இது ஆரு சொன்னது?"

"எனக்கு வந்த கடுதாசி சிஸ்டர். குவாதமாலாவுல இருந்து. என்னைக் கூப்பிடுறாக."

"எழுத்து உண்டா?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தான். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். தாளைச் சன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு, "இந்த ஸி மேல கோடு இருந்ததா?" என்று கேட்டார்.

"இல்ல சிஸ்டர். இருந்தா போட்டிருப்பேன்."

"கோடு இருந்தா ஆமாம். கோடு இல்லெங்கில்..." அவர் தமிழ்ச் சொல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. "எங்கில். மலையாளத்துல எங்கில்."

எங்கில் என்றால் சின்னமுத்துவுக்குத் தெரியும். என்றால். அவன் மனதுக்குள் அந்தச் சொல்லை வரியின் முன்னால் வைத்துப் பார்த்தான். பாஸ்கல் வர முடியாது என்றால்.

"யமரியாமோஸ் மரியாதைக்கு எழுதுறதுதான சிஸ்டர்?"

"மரியாதைக்கும் வரும். கடையில காப்பி கேட்டா, வேணும்னு சொல்லாம, கிடைச்சா நல்லாருக்கும்னு சொல்லுறது போல. பட்சே, ஆனா, இது அதில்ல." அவர் கட்டுத்துணியை மேசையில் வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "பாரு. யமார். வெட்டக் கூடாது. முழுசா வைக்கணும். ஏமோஸ் சேர்த்தா கூப்பிடுவோம், நிச்சயம். இயாமோஸ் சேர்த்தா, ஒரு எங்கில் எங்கேயோ நிக்குது. அது நடந்தா இது நடக்கும். அது நடக்கும்னு எழுதினவர் நினைக்கல. புதியேராவும் அதுதான் சொல்லுது. பாஸ்கல் வராம இருப்பான்னு அவருக்குத் தோணல."

சின்னமுத்து அந்த இரண்டு சொற்களையும் பார்த்தான். யமரேமோஸ். யமரியாமோஸ். நடுவில் ஒரே ஓர் ஓசைதான் வித்தியாசம். தமிழில் இரண்டுக்கும் கூப்பிடுவோம்தான். மழை விட்டால் வருவேன் என்றாலும், மழை விட்டுவிட்டது, வருவேன் என்றாலும் வருவேன் ஒன்றேதான். அதனால்தான் அவன் காதுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பாஸ்கலுக்கு அது தெரியும். இரண்டு பாஷையும் தெரிந்தவனுக்குத்தான் அந்த இடம் தெரியும்.

"அப்ப கூப்பிட்டது பாஸ்கலையா?"

சிஸ்டர் இனெஸ் தாளை மடித்து அவன் கையில் கொடுத்தார். "பாஸ்கல் முப்பதாம் தேதி போறான். பம்பாயிலிருந்து விமானம். நாங்க நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தோம். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

மீதிக் கட்டை அவர் போட்டு முடிக்கும் வரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எரிச்சல் தெரியவில்லை.

பாஸ்கல் திரும்பி வந்த அன்று மத்தியானம் சின்னமுத்து அவன் வீட்டுக்குப் போனான். நடுவீட்டில் தகரப் பெட்டி திறந்திருந்தது. பாஸ்கலின் மனைவி ரோசி சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சின்னமுத்துவைப் பார்த்ததும், "வாங்கண்ணே. நீங்க பொறப்படுறது எப்ப? அடுத்த மாசமா?" என்றாள்.

பாஸ்கல் உள்ளேயிருந்து வந்தான். சின்னமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"ஸி-ன்னா என்ன மாப்ள?" என்று கேட்டான் சின்னமுத்து.

பாஸ்கல் ரோசியைப் பார்த்தான்.

"சொல்லு. நீதான சொல்லிக் குடுத்த."

"உக்காரு, சொல்றேன். அவருக்கு ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளுதான் வேணும்னு எழுதிட்டாரு. உனக்குப் பேசத் தெரியாது. உன்னைக் கூப்பிட்டு அவுக என்ன செய்வாக?"

"பேசக் கத்துக்கத்தான உங்கிட்ட ஞாயித்துக்கெழமை தோறும் உக்காந்தேன்? பதினாலு மாசம்."

"பதினாலு மாசத்துல வருமா அது? நான் பதினேழு வருசம் அவுகளோட கெடந்தவன்."

"நான் பதினோரு வருசம் ஸ்டோர்ல கெடந்தவன். அதை எங்கிட்டருந்து பதினாலு மாசத்துல நீ எடுத்துக்கிட்டயே."

சொன்ன பிறகுதான் அது சின்னமுத்துவுக்கே உறைத்தது. கவிழ்த்த தட்டில் உட்கார்ந்து படித்தது யார், படிப்பித்தது யார்? மழை நாளில் பறித்த காய்க்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்ட கை யாருடையது?

"நான் பொய் சொல்லல," என்றான் பாஸ்கல். குரல் இறங்கியிருந்தது. "நான் போகலன்னா உன்னைக் கூப்பிடுவாகன்னுதான் அதுல இருக்கு. எழுதியிருந்ததத்தான படிச்சேன்."

"நோட்டைக் குடு."

ரோசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டிக்குள் கைவிட்டு நீல நோட்டை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு பெட்டிக்குள் இருப்பது தெரிந்தது. "பிரதி எழுதியாச்சுண்ணே," என்றாள் மெதுவாக. "அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுனேன். நீங்க கேட்டீகன்னு சொன்னாரு." அவள் கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடித்த சட்டைகளை அப்படியே தரையில் விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சின்னமுத்து அடித்திருக்கலாம். கை ஓங்கவில்லை. பாஸ்கலுடைய ஆத்தாவை ஜீப்பில் ஏற்றி இறக்கியது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம்தான் எல்லாவற்றையும்விட வலித்தது. நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தான்.

முப்பதாம் தேதி பாஸ்கல் புறப்பட்டுப் போனான். ஊரில் சின்னமுத்துவைப் பார்த்தவர்கள் எல்லாம், "நீதான போறதா இருந்துச்சு?" என்று கேட்டார்கள். அவன் தலையாட்டிவிட்டு நடப்பான். ராமுத்தாய்தான் சந்தையில் ஒருநாள் கேட்டவளிடம், "எங்க வீட்டுக்காரர் கத்துக் குடுத்து அனுப்பி வச்சிருக்காரு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

காயம் ஆற மூன்று வாரம் பிடித்தது. கட்டு மாற்றப் போகும் ஒவ்வொரு நாளும் சின்னமுத்து சிஸ்டர் இனெஸிடம், பாஸ்கல் மறைத்த அந்தப் பாகத்தைக் கேட்டுக் கற்றான். இரக்கப்பட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டாம், சரியாகச் சொல்லிக் கொடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். வால் ஆறுதான். இயா, இயாஸ், இயா, இயாமோஸ், இயாயிஸ், இயான். எந்தச் சொல்லானாலும் இதே ஆறு வால். சில சொற்கள் மட்டும் முழுசாக நிற்காமல் நடுவில் சுருங்கும். வெனீர் என்பது வெந்த்ரியா ஆகும். தெசீர் என்பது திரியா ஆகும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு சொற்கள். அவற்றை நீல நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

"இன்னொரு உபயோகம் உண்டு," என்றார் சிஸ்டர் இனெஸ் ஒருநாள். "நேத்து ஒருத்தன் நாளைக்கு வருவேன்னு வாக்குக் கொடுத்தான். இன்னிக்கு நாம அதை எடுத்துச் சொல்லணும். அப்பவும் இதே வால். திஹோ கே வெந்த்ரியா. வருவேன்னு சொன்னான்."

"வந்தானா இல்லையான்னு தெரியுமா சிஸ்டர்?"

"அது அந்தச் சொல்லுல இல்ல."

மாசிக் கடைசியில் சின்னமுத்து தோன் எர்னெஸ்தோவுக்குக் கடிதம் எழுதினான். சிஸ்டர் பிழை மட்டும் திருத்தினார். நோட்டு தன்னுடையது என்றும், தான் வர மறுக்கவில்லை என்றும், தன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்திருப்பான் என்றும் எழுதினான். பாஸ்கலைத் திட்டி ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது வாய்க்கு வந்த வசைக்கெல்லாம் ஸ்பானிஷ் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம். கடிதத்தைக் குமுளி தபாலாபீஸில் போட்டான்.

பதில் வர நாலு மாதம் ஆயிற்று. மழைக்காலம் தொடங்கிவிட்டது. இந்த முறை உறையில் அவன் பெயரே இருந்தது. போஸ்ட்மேன் அதை ஸ்டோரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். சின்னமுத்து பிரிக்கவில்லை. வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய், வாசல்படியில் வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்து படித்தான். யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

மரியாதையான கடிதம். தோன் எர்னெஸ்தோ நன்றாகவே எழுதியிருந்தார். ராமுத்தாய் அரிசி களைந்த கையோடு வந்து நின்றாள்.

"என்ன எழுதியிருக்காக?"

"உன்னைத்தான் கூப்பிட்டிருப்போம்னு எழுதியிருக்காரு. எம் பொஞ்சாதி விட மாட்டேங்குதுன்னு பாஸ்கல் சொன்னானாம்."

"நானா?"

"நீதான்."

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "போயிட்டு நல்லபடியா வரணும்னு நாலு தடவை சாமி கும்புட்டேன். எம் பேரையுமா இழுத்தான்?"

சின்னமுத்து அடுத்த வரிக்குப் போனான். "இன்னொரு எடம் இருந்தா எனக்கு எழுதுவாகளாம்."

ராமுத்தாயின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப எழுதுவாக. அடுத்த வருசமாவது எழுதுவாகல்ல?"

எழுதுவார்கள் என்று சொல்லிவிடலாம். தமிழில் சொன்னால் அது பொய்கூட ஆகாது. எஸ்க்ரிபிரியாமோஸ் என்ற சொல்லை அவன் பார்த்தான். வாலைப் பார்த்தான்.

"இல்ல," என்றான். "எழுத மாட்டாக. எழுதுறதா இருந்தா இந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டாரு."

"எழுதுவாகளாம்னா எழுதுவாகன்னுதான அர்த்தம்?"

"நம்ம பேச்சுல ஒண்ணுபோலத்தான் இருக்கும். அவுக பேச்சுல வேற."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே லயத்தில் யாரோ விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவனைப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"காய் பச்சையா வருதாம். நல்ல வேலைக்காரன்னு எழுதியிருக்காரு."

ராமுத்தாய் உலை வைக்க எழுந்து போனாள். சின்னமுத்து கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தான்.